விருது மேடையும் நம் ஊர் முகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை இரவு ஒரு படம் போடுகிறோம். ஒரு வெள்ளைப் போர்வையும் இரவல் வாங்கிய புரொஜெக்டரும்தான் எங்கள் அரங்கம். கல்லூரிப் பிள்ளைகள், ஷூ கம்பெனி வேனில் வேலைக்குப் போய் வரும் பெண்கள், ஆட்டோ ஓட்டும் தம்பிகள், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிகள் என்று முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். படம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் பேச்சு எப்படியும் விருதுகளுக்கும் நட்சத்திரங்களுக்கும் வந்து நிற்கும். ஒரே சந்தேகத்தைப் பல வாய்களில் கேட்டுவிட்டதால் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

விருது சீசன், விருது சீசன்னு சொல்றாங்களே டீச்சர், அது இன்னா மாசத்துல வருது?

மேலை நாடுகளில் அதற்கு ஒழுங்கான காலம் உண்டு. செப்டம்பர் வாக்கில் வெனிஸ், டொரண்டோ திரைப்பட விழாக்களில் படங்கள் முதன்முதலாகக் காட்டப்படுகின்றன. ஜனவரியில் கோல்டன் குளோப், அடுத்து பிரிட்டனின் பாஃப்டா, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ ஆஸ்கர். வாக்களிப்பவர்களின் நினைவில் படம் பசுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பல நிறுவனங்கள் தங்கள் கனமான படங்களை ஆண்டின் கடைசி மாதங்களில் வெளியிடுகின்றன.

நம் நாட்டில் அப்படி ஒரு பருவம் இல்லை. 2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் 2025 ஆகஸ்ட் 1 அன்றுதான் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கான விருதுகளை 2017 ஜூலையில் ஒட்டுமொத்தமாக அறிவித்து, 2022 செப்டம்பரில் வழங்கியது. பெரிய நடிகருக்கு இந்தத் தாமதம் பொருட்டில்லை. ஆனால் ஒரு ஒப்பனைக் கலைஞருக்கோ புதுப் படத்தொகுப்பாளருக்கோ விருது என்பது அடுத்த வேலைக்கான சிபாரிசுக் கடிதம். அது எட்டு, பத்து ஆண்டுகள் கழித்துக் கைக்கு வந்தால், அதற்குள் அவர் தொழிலை விட்டே போயிருக்கக்கூடும். இந்தத் தாமதத்தை நான் சிறிய குறையாக நினைக்கவில்லை.

ஆஸ்கர் விருதை அமெரிக்க கவர்மென்ட்டா தருது?

இல்லை. ஹாலிவுட் திரைத்துறையினர் 1927-இல் தாங்களே தொடங்கிய அகாடமி என்ற சங்கம் தருகிறது. முதல் விழா 1929 மே 16 அன்று நடந்தது. இன்று அதற்கு 10,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நடிகர்கள், இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள் என்று தொழில்வாரியாகக் கிளைகள் உண்டு. பெரும்பாலான பிரிவுகளில் அந்தந்தக் கிளையினர் பரிந்துரைப் பட்டியலைத் தேர்வு செய்கிறார்கள். இறுதி வாக்கு எல்லோருக்கும் உரியது. பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்ற விதி 2026 விழாவுக்குத்தான் நடைமுறைக்கு வந்தது என்பதையும் கவனியுங்கள்.

சிறந்த படத்துக்கு மட்டும் எண்ணும் முறை வேறு. நம் குடியரசுத் தலைவர் தேர்தலைப் போல, 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். எந்தப் படமும் பாதிக்கு மேல் முதல் விருப்பம் பெறாவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கி, அதன் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்குச் சேர்த்துக்கொண்டே போவார்கள். இதனால் சிலர் உயிராக நேசித்துப் பலர் வெறுக்கும் படத்தைவிட, எல்லோருக்கும் ஓரளவு பிடித்த படத்துக்கே வாய்ப்பு அதிகம். யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்ற இந்த மூன்றையும் கீழே பல இடங்களில் திரும்பக் கேட்கப் போகிறேன்.

அப்போ நம்ம தேசிய விருது? அதுக்கும் ஓட்டுப் போடுவாங்களா?

தேசிய விருதுக்கு அப்படி ஆயிரக்கணக்கானோர் வாக்களிப்பதில்லை. 1954-இல் தொடங்கிய இந்த விருதை ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை நடத்துகிறது. வடக்கு, கிழக்கு, மேற்கு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றும் தெற்குக்கு இரண்டுமாக ஐந்து வட்டாரக் குழுக்கள் முதலில் படங்களைச் சலித்தெடுக்கின்றன. மத்திய நடுவர் குழு முடிவு செய்கிறது. அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் தணிக்கைச் சான்று பெற்ற படமாக இருக்க வேண்டும், தயாரிப்பாளர் விண்ணப்பித்தும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்காத படம் எவ்வளவு சிறந்ததானாலும் நடுவர் மேசைக்கு வராது.

சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத் தமிழில் முதலில் பெற்றது 1990-ஆம் ஆண்டுக்கான ‘மறுபக்கம்’. பிறகு 2007-க்கு ‘காஞ்சிவரம்’, 2020-க்கு ‘சூரரைப் போற்று’. கடைசியாகச் சொன்ன படத்தின் இயக்குநர் சுதா கொங்கரா ஒரு பெண் என்பதை எங்கள் மாடியில் சொன்னபோது, படத்தை மூன்று முறை பார்த்திருந்த பிள்ளைகளே வியந்தார்கள். நாயகனின் பெயர் தெரிந்த அளவுக்கு இயக்குநரின் பெயர் தெரியாமல் இருப்பது நட்சத்திர மோகத்தின் ஒரு பக்கம்.

எங்க நடிகர் திலகத்துக்கு ஏன் சிறந்த நடிகர் விருது கொடுக்கலை? வடக்கத்தி அரசியல்தானே?

தோட்டப்பாளையத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கும் கேள்வி இது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தேசிய விருதில் நடிப்புக்கென்று தனிப் பிரிவு 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. முதல் முறை அதைப் பெற்றவர்கள் உத்தம் குமாரும் நர்கிசும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959, ‘பாசமலர்’ 1961, ‘கர்ணன்’ 1964. அந்த நடிப்புகளுக்கெல்லாம் கொடுக்க அப்போது விருதே இல்லை. கட்டபொம்மனுக்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகர் விருது பெற்றார். வெளிநாட்டில் இருந்த பரிசு உள்நாட்டில் இல்லாத காலம் அது.

1967-க்குப் பின் என்ன சமாதானம் சொல்வது? ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்த 1968-இல் அந்த விருது அசோக் குமாருக்குப் போனது. படம் சிறந்த தமிழ்ப் படம் என்று மதிக்கப்பட்டது; அதன் நாயனக்காரர் மதிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘தெய்வ மகன்’ இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம். அப்போதும் நடிப்பு விருது இல்லை. 1971-க்கு ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆர். அதைப் பெற்ற முதல் தமிழ் நடிகரானார். சிவாஜிக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான தாதாசாகேப் பால்கே விருதுதான் 1996-ஆம் ஆண்டுக்கு வந்தது. தமிழ் தெரியாத நடுவர், அந்த நீண்ட வசனத்தின் ஏற்ற இறக்கத்தைக் கீழே ஓடும் இரண்டு வரி மொழிபெயர்ப்பில் எப்படி அறிவார் என்பது என் கேள்வி. திட்டமிட்டு ஒதுக்கினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. கேட்கத் தெரியாத காதுகளின் முன் பாடிய பாட்டு என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

‘நம்ம படம் ஆஸ்கருக்குப் போயிடுச்சு’ன்னு வாட்ஸப்ல வருது, அப்புறம் ஒண்ணுமே காணோம். போச்சா, போகலையா?

இந்தச் செய்தி நான்கு வெவ்வேறு நிலைகளை ஒன்றாகக் குழப்புகிறது. முதலாவது, தகுதிப் பட்டியல். அமெரிக்காவின் குறிப்பிட்ட நகரங்களில் ஒன்றில் குறைந்தது ஏழு நாள் திரையிட்டு, படிவத்தை ஒழுங்காக நிரப்பினால் பெரும்பாலும் இதில் இடம் கிடைத்துவிடும். 2025 விழாவுக்கு 323 படங்கள் தகுதி பெற்றன. ‘கங்குவா’ அதில் ஒன்று. 2022 விழாவுக்கான 276 படங்களில் ‘ஜெய் பீம்’ ஒன்று. அது தேர்வு எழுத ஹால் டிக்கெட் வாங்குவது போன்றது. தேர்ச்சி பெறுவது வேறு.

இரண்டாவது, நாட்டின் அதிகாரப்பூர்வப் படம். சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எல்லாம் அப்படி அனுப்பப்பட்டவை. மூன்றாவது, அவற்றிலிருந்து எடுக்கும் 15 படங்களின் சுருக்கப் பட்டியல். நான்காவது, இறுதி ஐந்து. அதுதான் பரிந்துரை. அந்த ஐந்தில் இடம் பெற்ற இந்தியப் படங்கள் ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ ஆகிய மூன்று. எனவே செய்தி வந்தால், ‘எந்த நிலை?’ என்று மட்டும் கேளுங்கள். குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

வென்றவையும் உண்டு. 2009-இல் ஏ.ஆர்.ரகுமான் இரண்டு விருதுகளைப் பெற்று மேடையில் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்ன காலையில் என் வகுப்பில் பாடம் நடக்கவில்லை, நானும் நடத்த விரும்பவில்லை. 2023-இல் ‘நாட்டு நாட்டு’ பாடலும், முதுமலையில் யானைக்குட்டி வளர்க்கும் பழங்குடித் தம்பதியைப் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்ற குறும் ஆவணப்படமும் வென்றன. பின்னதில் பேசப்படும் மொழி பெரும்பாலும் தமிழ் என்பதை நம்மவர்களே அதிகம் பேசவில்லை.

இந்தியா சார்பா எந்தப் படம்னு யார் முடிவு பண்றாங்க?

இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் ஒரு தேர்வுக் குழு. 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்ற ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படத்தை விட்டுவிட்டு ‘லாபத்தா லேடீஸ்’ படத்தை அனுப்பியபோது, தேர்வுக் குழுவின் 13 பேரும் ஆண்கள் என்பது வெளியே வந்து பெரும் விவாதமானது. இரண்டுமே பெண்கள் இயக்கிய, பெண்களைப் பற்றிய படங்கள். அவற்றை எடைபோட்ட மேசையில் ஒரு பெண்கூட இல்லை.

சிறந்த துணை நடிகர்னா கூட்டத்துல நிக்கறவங்களா?

நம் சொல்லால் வந்த குழப்பம் இது. கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் திருவிழாக் காட்சியிலும் கல்யாணக் காட்சியிலும் கூட்டத்தில் நிற்கிற தினக்கூலிக் கலைஞர். விருதுப் பட்டியலில் அதே சொல் நாயகன், நாயகிக்கு அடுத்த முக்கியப் பாத்திரத்தைக் குறிக்கிறது. பழைய பத்திரிகைகள் ‘குணச்சித்திர நடிகர்’ என்று எழுதின; அதுவே நல்ல சொல். 2023-ஆம் ஆண்டுக்கான இந்த விருதை ‘பார்க்கிங்’ படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கர் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில் பெண்களுக்கான இந்த விருதைப் பகிர்ந்து பெற்ற ஊர்வசி, எது முதன்மைப் பாத்திரம், எது துணைப் பாத்திரம் என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்தீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். விருதை வாங்கிக்கொண்டே விதியைக் கேள்வி கேட்கும் துணிவு நம் திரையுலகில் அரிது.

அமெரிக்காவுல ‘ஆஸ்கர்ஸ் சோ ஒயிட்’னு ஒரு சண்டை நடந்துச்சாமே, அது இன்னா?

2015-லும் 2016-லும் நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட 20 பேரும் வெள்ளையர்கள். ஏப்ரல் ரெயின் என்ற பெண்மணி சமூக வலைதளத்தில் இட்ட அந்த வாசகம் பெரும் இயக்கமானது. இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1940-இல் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல், விழா நடந்த ஓட்டலில் தன் படக்குழுவினரோடு உட்கார முடியாமல், சுவரோரத்தில் தனி மேசையில் உட்கார வைக்கப்பட்டார். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு அந்தத் தனி மேசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கறுப்பினப் பெண் ஒருவர் சிறந்த நடிகையாக 2002 ஆனது. ஹாலி பெர்ரி அவர்.

எதிர்ப்புக்குப் பின் அகாடமி, 2020-க்குள் பெண்கள், சிறுபான்மையினர் உறுப்பினர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தது. 2024 விழா முதல், சிறந்த படத்துக்குப் போட்டியிடும் படம் நான்கு வகைப் பங்கேற்பு அளவுகோல்களில் இரண்டையாவது நிறைவு செய்ய வேண்டும். திரையில் தெரியும் முகம் மட்டுமல்லாமல், கேமராவுக்குப் பின்னால் இருக்கும் குழு, பயிற்சி வாய்ப்பு, விளம்பரப் பணி ஆகியவையும் அவற்றில் அடங்கும். கோல்டன் குளோப்பின் கதை இன்னும் கடுமையானது. அதை வழங்கிய பத்திரிகையாளர் சங்கத்தில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை என்று 2021-இல் செய்தி வெளியானது. 2022 விழாவைத் தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. 2023-இல் சங்கமே கலைக்கப்பட்டது.

திறமைக்குத்தான விருது? இதுல சாதி, நிறம், ஆம்பளை பொம்பளைன்னு எதுக்குப் பேசணும்?

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிப் பதில் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கு இடையே நடந்த பேச்சுப் போட்டியில் நான் நடுவர். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, பாலாற்று மணல் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசினாள். நடுவில் இரண்டு இடங்களில் ‘இன்னா’ என்றும், ஓர் இடத்தில் ‘வந்துகினு’ என்றும் வந்துவிட்டது. உச்சரிப்புக்கு உரிய பத்து மதிப்பெண்ணில் நான் நான்கு போட்டேன். அவள் இரண்டாம் இடத்துக்குப் போனாள். நான் பாரபட்சம் காட்டியதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை. திறமையை அளந்ததாகவே நினைத்தேன். பரிசு வாங்கும்போது அவள் தலை நிமிரவில்லை.

நடுவர் பொல்லாதவராக இருக்க வேண்டியதில்லை; தன் காதுக்குப் பழகியதையே தரம் என்று எடுத்துக்கொண்டால் போதும். ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் விருதை ஒரு பெண் முதலில் பெற்றது 2010-இல். அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளில் திறமையுள்ள பெண் பிறக்கவில்லை என்று யாராவது நம்ப முடியுமா? தமிழில் டி.பி.ராஜலட்சுமி 1936-லேயே ‘மிஸ் கமலா’வை இயக்கிவிட்டார். படம் எடுக்கப் பணமும் வாய்ப்பும் யாருக்குக் கிடைக்கிறது என்பதில் தொடங்கும் வடிகட்டல் நடுவர் மேசையில் முடிகிறது. நாம் பார்ப்பது வடிகட்டியின் அடியில் விழுந்ததை மட்டும்தான்.

நம்ம பேச்சு சினிமால ரவுடிக்கும் காமெடிக்கும் மட்டுந்தான் கீது. ஏன் டீச்சர்?

நான் இரவெல்லாம் பேசத் தயாராக இருக்கும் கேள்வி இது. மதுரைப் பேச்சுக்கு வீரம், கோவைப் பேச்சுக்கு மரியாதை, நெல்லைப் பேச்சுக்குக் குசும்பு என்று சினிமா ஆளுக்கொரு குணத்தைக் கொடுத்திருக்கிறது. சென்னைக்கும் நமக்கும் பொதுவான ‘இன்னா’, ‘கீது’, ‘இஸ்துகினு’ எல்லாம் திரையில் வந்தால் ஆள் ஒன்று கையில் கத்தி வைத்திருப்பார், இல்லை அடி வாங்குவார். அதே பேச்சில் ஒரு தாய் மகளை வழியனுப்புவதையோ ஒரு மருத்துவர் நோயாளிக்கு ஆறுதல் சொல்வதையோ படத்தில் பார்ப்பது அபூர்வம். ஆனால் வேலூரில் அவை தினமும் நடக்கின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்து முஸ்லிம்களின் நிலையைப் பாருங்கள். பழைய படங்களில் அவர்களுக்கு ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று ஒரு பொய்த் தமிழ்; பின்னர் வந்த படங்களில் வெடிகுண்டு. வீட்டில் உருதும் கடைத்தெருவில் தமிழும் பேசி, தோல் தொழிலில் பாடுபடும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு நடுவில் இடமே இல்லை. 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்து, தமிழ்நாட்டில் இரண்டு வாரம் அது தடைபட்டுப் பின் சில மாற்றங்களோடு வெளியானது. அதே படம் நடன அமைப்புக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது பெற்றது. தடை தீர்வு என்று நான் கருதவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வெறும் சகிப்பின்மை என்று ஒதுக்கியவர்கள், அதற்கு முந்தைய முப்பது ஆண்டுப் படங்களை ஆம்பூரில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

நல்ல மாற்றமும் நடக்கிறது. 2024-இல் வந்த பா.ரஞ்சித்தின் ‘தங்கலான்’, 1850-களில் வட ஆற்காட்டு வேப்பூரிலிருந்து பொன் தேடிக் கோலாருக்குப் போகும் ஒடுக்கப்பட்ட மக்களின் கதை. அதன் மாயக் காட்சிகள் சில எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் குடியாத்தம், பேரணாம்பட்டு, திருப்பத்தூர்ப் பக்கத்தில் கோலார் தங்கவயலுக்குப் போன ஒரு தாத்தா பல வீடுகளில் உண்டு. 2001-இல் சுரங்கம் மூடும் வரை ஜோலார்பேட்டை வழியாக ரயிலேறிப் போய் வந்தவர்கள் அவர்கள். இன்று எங்கள் மாடியில் அந்தத் தங்கவயலின் சுருக்கப் பெயரான கே.ஜி.எஃப். என்றால் பிள்ளைகளுக்கு 2018-இல் வந்த கன்னடப் படத்தின் நாயகன்தான் நினைவுக்கு வருகிறான். சொந்தத் தாத்தா வருவதில்லை. பிரதிநிதித்துவம் என்ற பெரிய சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

‘ஜெய் பீம்’ல இருளருக்காகப் பேசினாங்க, நல்லதுதான். ஆனா அதுலயும் தகராறு வந்துச்சே?

இரண்டு தகராறுகள் வந்தன. ஒன்று, ஒரு காட்சியில் கொடுமைக்காரக் காவல் அதிகாரியின் வீட்டு நாட்காட்டியில் வன்னியர் சங்கத்தின் அக்கினிக் கலசம் தெரிந்தது. எதிர்ப்பு எழவே அந்த நாட்காட்டிப் படம் மாற்றப்பட்டது, இயக்குநரும் வருத்தம் தெரிவித்தார். இரண்டாவது அதிகம் பேசப்படாதது. 1993-இல் நடந்த உண்மை வழக்கில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர். படம் அதை இருளர் கதையாக்கியது. ஒரு சமூகத்தின் துயரம் இன்னொரு சமூகத்தின் பெயரில் உலகெங்கும் போனது. நோக்கம் நல்லது என்பதால் இந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

இருளர் வேடத்தில் இருளர் அல்லாதவர் நடிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். நடிப்பு என்பதே வேறொருவராக மாறுவது. புரிசையில் கூத்து கட்டும் கலைஞர் துரியோதனனாக ஆக அஸ்தினாபுரத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளுத்த முகத்துக்குக் கருமை பூசுவது மட்டும் ஆண்டாண்டாக நடந்து, கறுத்த பெண் நாயகியாவது மட்டும் நடக்கவில்லை என்றால், அங்கே கலைக்குப் பதிலாகக் கதவடைப்புத்தான் நடக்கிறது. நம் பக்கத்தில் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் வேலையிலும் இருக்கும் இருளர் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நடிகர் தேர்வு என்ற ஒன்று நடப்பதே தெரியும்?

டிவியில வர்ற விருதெல்லாம் காசு கொடுத்து வாங்கறதுதானே?

எல்லாவற்றையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் தனியார் விழா என்பது முதலில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. விளம்பரதாரருக்கு நட்சத்திரம் வேண்டும். வராத நட்சத்திரத்தால் அவருக்குப் பயனில்லை. ஒருமுறை சென்னையில் அப்படி ஒரு விழாவுக்கு உறவினர் தந்த அனுமதிச் சீட்டில் போனேன். நிகழ்ச்சி தொடங்கும் முன்பே, மேடையில் யாரும் இல்லாதபோது, எங்களைக் கைதட்டச் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லி, கண்ணைத் துடைக்கச் சொல்லிப் படம் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்த பெண்மணி உண்மையாகவே கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பில், ஒரு நடிகரின் நன்றியுரைக்கு நடுவே அந்தக் கைக்குட்டை வந்தது. விழாவில் பரிசு பெற்ற ஒலிப்பதிவாளரின் பேச்சு ஒளிபரப்பில் வரவே இல்லை.

விருதைத் திருப்பிக் கொடுக்கறதால இன்னா ஆகப் போவுது?

விருது போய்விடும், செய்தி நிற்கும். 1973-இல் மார்லன் பிராண்டோ சிறந்த நடிகர் ஆஸ்கரை மறுத்து, திரையில் செவ்விந்தியர்கள் சித்திரிக்கப்படும் விதத்தைக் கண்டித்துப் பேச சஷீன் லிட்டில்ஃபெதரை அனுப்பினார். அரங்கில் அவரைக் கேலி செய்தார்கள். அகாடமி அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2022-இல். நம் நாட்டில் 2018 தேசிய விருது விழாவில் குடியரசுத் தலைவர் 11 பேருக்கு மட்டுமே தம் கையால் வழங்குவார் என்று அறிவித்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் விழாவைப் புறக்கணித்தார்கள். அதை ஆணவம் என்று சொன்னவர்கள் உண்டு. வாழ்நாளில் ஒரே முறை அந்த மேடை ஏறப்போகும் ஒலிக் கலைஞருக்கு, நட்சத்திரத்துக்கு ஒரு கை, தனக்கு வேறு கை என்பது எப்படி வலிக்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

தப்பு பண்ணவங்களோட விருதைப் பிடுங்கிடலாமா?

இதில் உலகம் ஒரே மாதிரி நடக்கவில்லை. 2022 ஆஸ்கர் விழா மேடையில் கிறிஸ் ராக்கை அறைந்த வில் ஸ்மித் அன்றிரவே சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். பத்தாண்டு விழாக்களுக்கு வரத் தடை விதித்தார்களே தவிர, விருதை எடுக்கவில்லை. சிறுமி மீதான பாலியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாட்டை விட்டுப் போன ரோமன் போலன்ஸ்கிக்கு 2003-இல் ஆஸ்கர் கொடுத்தார்கள். 2018-இல் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். சிலை அவரிடமே இருக்கிறது. இங்கே 2024-இல், பாலியல் புகாரில் கைதான நடன இயக்குநர் ஒருவருக்கு அறிவித்திருந்த தேசிய விருது நிறுத்தி வைக்கப்பட்டது.

என் கருத்து: செய்த வேலைக்கு என்றோ கொடுத்த பரிசை அழிப்பதால் அந்த வேலை இல்லாமல் போகாது. ஆனால் புகார் நிலுவையில் இருக்கும்போது ஒருவரை மேடையேற்றிச் சால்வை போர்த்துவது, புகார் கொடுத்தவரைக் கீழே உட்கார வைத்துக் கைதட்டச் சொல்வதாகும். மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாலியல் தொல்லைகளைப் பற்றிய ஹேமா குழு அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் தரப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. அந்த நான்கரை ஆண்டுகளில் எத்தனை விழாக்கள் தடையின்றி நடந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் பையன் பத்தாவது படிக்கிறான். ஸ்கூல் ஃபீஸ்ல எடுத்து ஃப்ளெக்ஸ் பேனருக்குக் கொடுத்துட்டான். என்ன பண்றது டீச்சர்?

முதலில், அடிக்காதீர்கள் அம்மா. அந்தப் பேனரின் கீழ் மூலையில் முத்திரை அளவில் பதினைந்து முகங்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்று உங்கள் பிள்ளையினுடையது. தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பையனுக்கு, ஊர் பார்க்கும் இடத்தில் பெயரும் படமும் வருகிறது. மேலே சொன்ன பிரதிநிதித்துவப் பசியேதான் அது. தவறான கடையில் சாப்பாடு தேடுகிறது. ரசிகர் மன்றங்கள் ரத்த தானமும் செய்கின்றன, வெள்ளத்தில் சோறும் கொடுக்கின்றன. அந்தத் தோழமை பொய்யில்லை.

ஆபத்தும் பொய்யில்லை. 2024 டிசம்பரில் ஹைதராபாத் திரையரங்கு ஒன்றில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு தாய் இறந்தார். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் அரசியல் கூட்ட நெரிசலில் குழந்தைகள் உட்பட 41 பேர் உயிரிழந்தார்கள். இவற்றை உங்கள் மகனோடு உட்கார்ந்து பேசுங்கள். நடிகர் அஜித் குமார் 2011-இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார், 2021-இல் தம்மைப் பட்டப்பெயரால் அழைக்க வேண்டாம் என்றார், 2024-இல் ‘கடவுளே’ என்ற கோஷத்தையும் நிறுத்தச் சொல்லி, அவரவர் குடும்பத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். நாம் சொன்னால் கேட்காத பிள்ளை அவர் சொன்னதைக் கேட்கலாம். பிறகு அவனை மாடிக்கு அனுப்புங்கள். புரொஜெக்டரைத் தூக்கி வரவும் வயர் இழுக்கவும் எனக்கு ஆள் வேண்டும்.

அப்போ விருது வாங்கின படத்தை நம்பிப் பார்க்கலாமா, கூடாதா?

பார்க்கலாம். இரண்டாவது பதிலில் சொன்ன மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். விருது இல்லாவிட்டால் நம் கண்ணுக்கே வந்திருக்காத படங்கள் உண்டு. ‘கூழாங்கல்’ அப்படி ஒன்று. 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றிராவிட்டால், நட்சத்திரமோ பாட்டோ சண்டையோ இல்லாத அந்தப் படத்தை நான் தேடிப் போயிருக்க மாட்டேன்.

அதைச் சென்ற கோடையில் மாடியில் போட்டோம். குடிகார அப்பனின் பின்னால் பொட்டல் வெயிலில் நடக்கும் சிறுவன், தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பாட்டி, அதுவரை பேரனை மடியில் தட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்து, “ஆடு மேய்க்கறப்போ நாங்களும் அப்டித்தான்மா போட்டுக்குவோம், வெள்ளக் கல்லா பாத்து எடுக்கணும்” என்றார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் அவர் ஊரிலிருந்து இன்னும் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார்.